கை நனைக்க வந்தவர்கள்

நான் எழுதியதிலேயே நல்ல வாக்கியம் ஒன்பது சொற்கள் கொண்டது. அதனால் இதுவரை நான்கு பேர் செத்திருக்கிறார்கள்.

என் பெயர் சேர்மத்துரை. இருபது வருஷம் ஒரு நாளிதழில் பிழை திருத்திக்கொண்டிருந்தேன். பத்திரிகை மூடியதும் திருநெல்வேலி புறவழிச்சாலையில் இருந்த இணக்க மையத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். மூன்றாவது மாடி, குளிர்சாதனம், வெளியே பெயர்ப்பலகை கிடையாது. என்ன வேலை என்று வீட்டில் கேட்டால் ‘மொழிபெயர்ப்பு’ என்று சொல்லச் சொல்லியிருந்தார்கள். யோசித்துப் பார்த்தால் அது பெரிய பொய்யும் இல்லை.

அதற்கு முந்தின தேர்தலில் ஒரு பொய்ப் படம் பரவி மூன்று மாவட்டங்கள் பற்றி எரிந்தன. அரசாங்கம் முதலில் இணையத்தை நிறுத்திப் பார்த்தது. என்னவோ மறைக்கிறார்கள் என்று சனம் தெருவுக்கு வந்தது. அடுத்து, பதிவுகளை அழித்துப் பார்த்தது. அழிக்கப்பட்டவன் இரண்டு மடங்கு ஆங்காரத்தோடு மறுபடி எழுதினான். மூன்றாவதாகத்தான் இந்த இயந்திரம் வந்தது. அது எதையும் நிறுத்தாது, எதையும் அழிக்காது. ஆற்றிக் கொடுக்கும்.

முதல் நாள் எங்கள் தலைமை அதிகாரி வைஜெயந்தி மேடம்தான் விளக்கினார். சென்னைக்காரர், நிதானமானவர், குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதே இல்லை.

“எழுதினவனுக்கு அவன் எழுதினது அப்படியே தெரியும். படிக்கிறவனுக்கு மட்டும் சூடு ஆறின பிறகு தெரியும். யார் வாயையும் நாம மூடல. கோபம் போற வழியில கொஞ்சம் நிழல் போட்டிருக்கோம், அவ்வளவுதான்” என்றார்.

இரண்டு பேரும் நேரில் பார்த்துக்கொண்டால் குட்டு உடைந்துவிடாதா என்று கேட்டேன். மேடம் சிரித்தார். “சண்டை போடுறவங்க நேர்ல எங்க பேசிக்கிறாங்க?” என்றார்.

திரையின் இடப்பக்கம் மூலம் வரும். வலப்பக்கம் இயந்திரம் ஆற்றியது வரும். மேலே சூடு, நூறுக்கு இத்தனை என்று. பெயர் இருக்கிற இடத்தில் கறுப்புக் கட்டம். யார் யாருக்கு அனுப்பியது என்று எங்களுக்குத் தெரியாது. நேரம், இடம் இவற்றை மாற்றக் கூடாது, சூட்டை மட்டும்தான் குறைக்கலாம் என்பது விதி. இருபதுக்குக் கீழே இருப்பது நேராகப் போய்விடும். தொண்ணூறைத் தாண்டினால் போலீசுக்கும் தகவல் போகும். நடுவில் இருப்பதெல்லாம் எங்கள் கைக்கு வரும்.

இயந்திரத்துக்கு ஒரு குறை உண்டு. அது பாடப்புத்தகத் தமிழில் எழுதும். ‘மண்டையைப் பொளந்துருவேன்’ என்று ஒருத்தன் எழுதினால் ‘தங்கள் கருத்தில் எனக்கு உடன்பாடில்லை’ என்று ஆற்றும். உடன்குடிக்காரன் எவன் அப்படிப் பேசுவான்? படிக்கிறவனுக்கு உடனே சந்தேகம் வரும். அதனால் அந்தந்த வட்டாரத்து ஆட்களை வைத்து, அந்தந்த ஊர் வாய் மாதிரி மாற்றச் சொன்னார்கள். அதற்குப் ‘பூச்சு’ என்று பேர். பூச்சு பூசுவதில் என்னை அடிக்க ஆள் கிடையாது. கட்சிக்காரர் சண்டை மட்டும் என்றில்லை, புருஷன் பெண்டாட்டிக்கு அனுப்பும் வசவும் வரும். அதற்கெல்லாம் நான் கடைசியில் ‘தாயி’ என்று ஒரு சொல் சேர்ப்பேன். பாதிச் சண்டை அதிலேயே அடங்கிவிடும் என்று எனக்கு ஒரு நம்பிக்கை.

முதல் வருஷம் எங்கள் பக்கத்தில் வெட்டுக்குத்து பாதியாகக் குறைந்தது. அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். நான் அயோக்கியன் இல்லை, நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டுதான் தினமும் பஸ் ஏறினேன்.

இனி அக்காவைப் பற்றி. என் அக்கா ராஜகனியைக் கட்டிக் கொடுத்தது கடலோரத்தில் சிப்பிவிளை என்ற ஊரில். அத்தான் லிங்கத்துரை சங்குக் கட்சியின் நகரச் செயலாளர். அந்த வருஷம் நகர மன்றத் தேர்தல். பஸ் நிலையத்தில் சங்குக் கட்சிக் கொடிக்கம்பமும் விசிறிக் கட்சிக் கொடிக்கம்பமும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். விசிறிக்காரர்கள் தங்கள் பீடத்தை ஒரு முழம் உயர்த்திக் கட்டினார்கள். மறுநாள் யாரோ கடப்பாரையால் கம்பத்தோடு அதை உடைத்துப் போட்டார்கள். யாரோ என்ன யாரோ, அத்தானின் தம்பி ஜெயசிங்தான். அதிலிருந்து அக்கா வாசல் கதவைத் தாழ் போட்டே வைத்திருந்தாள்.

ஒரு சனிக்கிழமை முற்பகலில் எனக்கு ஒரு மூலம் வந்தது. சூடு எண்பத்துநாலு. தேர்தல் காலத்தில் எண்பத்துநாலு என்பது வணக்கம் சொல்வது மாதிரி, ஒரு நாளைக்கு முப்பதாவது வரும்.

‘கம்பத்தை உடைச்ச கூட்டத்தோட விடியுமுன்ன ஊரை விட்டு ஓடிரு. இல்லைன்னா நாளைக்குக் காலையில வீட்டுக்கு வந்து உன் தலையை எடுத்துட்டுத்தான் போவோம்.’

வலப்பக்கம் இயந்திரம் எழுதியிருந்தது: ‘நாளைக் காலை தங்கள் இல்லத்தில் சந்தித்து, கருத்து வேறுபாடுகளைப் பேசித் தீர்க்க விரும்புகிறோம்.’

அந்தத் தேர்தலில் கம்பம் உடையாத ஊரே கிடையாது, இது எந்த ஊர் என்று நான் நினைத்துப் பார்க்கவில்லை. நாற்காலியில் சாய்ந்து வாக்கியத்தைத்தான் யோசித்தேன். எங்கள் பக்கம் பகை உள்ள வீட்டில் பச்சைத் தண்ணீர் குடிக்க மாட்டார்கள். பகை தீர்ந்தது என்பதற்குக் கடிதம், கையெழுத்து எதுவும் கிடையாது. அந்த வீட்டில் இலை முன்னால் உட்கார்ந்து சாப்பிட்டு எழுந்தால் தீர்ந்தது. அதற்குத்தான் கை நனைப்பது என்று சொல்வார்கள். சாகிற வயதில் எங்கள் அப்பாகூடப் பங்காளி வீட்டில் கை நனைத்துவிட்டு வந்துதான் கண்ணை மூடினார். இயந்திரம் நூறு வருஷம் படித்தாலும் இது அதற்குப் பிடிபடாது. நான் தட்டினேன்:

‘நாளைக்குக் காலையில வீட்டுக்கு வாரோம், பேசித் தீர்ப்போம், கை நனைச்சிட்டுத்தான் போவோம்.’

அனுப்பிவிட்டுப் பக்கத்து நாற்காலி மெர்லினைக் கூப்பிட்டுக் காட்டினேன். நாகர்கோவில் பெண், கெட்டிக்காரி. வாசித்துவிட்டு, கண்ணில் தண்ணி வந்துருச்சு சார் என்றாள். எனக்குப் பெருமையாக இருந்தது.

அன்று மாலை அக்கா போன் செய்தாள். ரொம்ப நாளைக்குப் பிறகு குரலில் தெளிவு. விசிறிக்காரர்கள் சமாதானத்துக்கு வருகிறார்களாம், ஆடு சொல்லியாயிற்றாம், நீயும் வந்துவிடு என்றாள். எனக்கு ஒரு கணம் சந்தேகம் வரத்தான் செய்தது. என்ன எழுதியிருந்தார்கள் என்று கேட்டிருக்கலாம். வாசித்துக் காட்டச் சொல்லியிருக்கலாம். வேலை ரகசியம் என்று எனக்கு நானே சாக்குச் சொல்லிக்கொண்டேன். உண்மையில், அக்கா சிரித்துக் கேட்டு எத்தனை மாதம் ஆயிற்று, அதைக் கெடுக்க மனசு வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கெல்லாம் முற்றத்தில் பந்திப் பாய் விரித்துப் பதினான்கு இலை போட்டிருந்தது. இலைக்குத் தண்ணீர் தெளித்து உப்பு வைத்தவன் நான். அத்தான் வெள்ளைச் சட்டை போட்டு, வாசல் கதவை இரண்டு பக்கமும் அகலத் திறந்து வைத்துவிட்டு நின்றார்.

நான்கு பைக், ஒரு ஆட்டோ, பதினோரு பேர். முன்னால் வந்தவன் திரவியம், விசிறிக் கட்சியின் வேட்பாளர். அத்தான் கை கூப்பியபடி, வாங்க, உட்காருங்க என்று எதிர்கொண்டு போனார். திரவியம் அவரைப் பார்க்கவில்லை. அவருக்குப் பின்னால் வரிசையாகக் கிடந்த இலைகளைப் பார்த்தான். நாலு பேர் முன்னால் அவமானப்பட்டவன் பார்க்கிற பார்வை அது. எனக்கு அப்போது விளங்கவில்லை.

“இலை வேற போட்டிருக்கியால” என்றான்.

கும்பிட்ட கையோடு முதல் வெட்டு விழுந்தது. மணிக்கட்டுக்கு மேலே எலும்பு வெள்ளையாகத் தெரிந்தது, அதன் பிறகுதான் ரத்தம் வந்தது. அத்தான் கத்தக்கூட இல்லை. என்ன தப்பு நடந்தது என்று கேட்பது போல அவன் முகத்தையே பார்த்தார். இரண்டாவது வெட்டு கழுத்தில். பின்னோக்கி நடந்து மூன்றாவது இலையின் மேல் விழுந்தார். விழுந்த பிறகும் மூன்று பேர் குனிந்து வெட்டினார்கள். விறகு பிளக்கும்போது வருகிற சத்தம்தான் வந்தது. சமையல்காரர் வெள்ளத்துரை கரண்டியோடு ஓடி வந்தார். அவருக்கு வயிற்றில் குத்து. கறிச்சட்டி கவிழ்ந்து, அவர் அந்தக் குழம்பிலேயே உட்கார்ந்து செத்தார். ஜெயசிங் வெறுங்கையால் அரிவாளைப் பிடித்ததில் மூன்று விரல்கள் பாயில் கிடந்தன.

நான் தண்ணீர் டிரம்முக்குப் பின்னால் ஒளிந்திருந்தேன். எழுந்து வரவில்லை. மொத்தமும் முடிய, எண்ணெயில் கிடந்த அப்பளம் கருகும் நேரம் ஆகவில்லை. அக்கா சோற்றுப் பானையோடு அடுக்களை வாசலில் நின்றாள்.

ஆஸ்பத்திரியில் அக்கா அத்தானின் போனை என்னிடம் கொடுத்தாள். போலீசிடம் காட்டு, சாப்பிட வருகிறோம் என்று சொல்லிவிட்டு வந்து வெட்டினார்கள் என்று காட்டு என்றாள். திறந்தேன். ஒன்பது சொற்கள். காற்புள்ளிகூட நான் வைத்த இடத்திலேயே இருந்தது. அதன் கீழே அத்தான் பதில் போட்டிருந்தார்: ‘வாங்க. இலை போட்டு வைக்கேன்.’

இரண்டாம் நாள் திரவியத்தைப் பிடித்துவிட்டார்கள். அரசாங்க அடையாள அட்டையைக் காட்டி ஸ்டேஷனில் அவனைப் பார்த்தேன். செத்தவருடைய மச்சினன் நான் என்று அவனுக்குத் தெரியும். தலையைக் குனியவில்லை.

“சொல்லிட்டுத்தான வந்தோம். ஓடிருன்னு ஒரு ராத்திரி முழுக்க நேரம் கொடுத்தோம்” என்றான்.

“வெட்டணும்னே வந்தியா?”

“இல்ல. உள்ளூர்ல பத்துப் பேர் பாக்க நாலு சேரை உடைச்சிட்டுப் போவோம்னுதான் இருந்தோம். ஆளு ஓடிருவான்னு நெனச்சோம். உன் தலையை எடுப்பேன்னு சொல்லுதேன், அவன் வாங்க, இலை போட்டு வைக்கேன்னு பதில் போடுதான். எங்க கட்சிக் குரூப்புல அதை அத்தன பேரும் பாத்துட்டான். சரி, சும்மா எழுதியிருக்கான்னு போனா, நெசமாவே பதினாலு இலை போட்டு, சிரிச்சிட்டு நிக்கான். அதுக்கு மேல திரும்பி வந்தா நான் அந்த ஊர்ல வேட்டி கட்டி நடக்க முடியுமா?”

அத்தானின் பதிலுக்குச் சூடு இரண்டோ மூன்றோ இருந்திருக்கும். இயந்திரம் தொடாமல் அப்படியே அனுப்பியிருக்கிறது.

நேரே வைஜெயந்தி மேடத்திடம் போனேன். மூலத்தை வெளியிடுங்கள் என்றேன். விருந்துக்கு வருவதாகச் சொல்லி வெட்டினார்கள் என்று ஊரே கொதிக்கிறது. வெட்டை மன்னிப்பார்கள், சோற்றில் செய்த துரோகத்தை எங்கள் பக்கம் மன்னிக்க மாட்டார்கள், ஜெயசிங் கட்டுப் போட்ட கையோடு ஆள் சேர்க்கிறான் என்றேன். மேடம் கண் கலங்கினார். அது நடிப்பில்லை.

“வெளியிட்டா என்ன ஆகும் சேர்மத்துரை? இந்த மாநிலத்துல இனிமே எவனாவது எவன்கிட்டயாவது மன்னிப்புக் கேட்டா நம்புவானா? ஒரு நல்ல வார்த்தையை நம்புவானா? நாலாயிரம் சண்டையை நிறுத்தியிருக்கோம். அந்த நாலாயிரமும் ஒரே நாள்ல எந்திரிச்சு வரும்.”

அவர் சொன்னது பொய் இல்லை.

ஆனாலும் ஏழாம் நாள் ஜெயசிங்குக்கு நானே எழுதினேன். மூலம் என்ன, நான் மாற்றியது என்ன, என் பெயர், என் மையம், எல்லாம். வசவு எதுவும் இல்லாததால் நேராகப் போய்விடும் என்று நினைத்தேன். அவன் பதில் போடவில்லை. மறுநாள் காலை மையத்துக்கு வந்தபோது ஒரே குதூகலம். ஊர்வாரிச் சூட்டுப் பட்டியலில் சிப்பிவிளைக்கு நேரே பூஜ்யம். முந்தின நாள் வரை எண்பதில் நின்ற ஊர். மேடம் மைசூர்பாகு வாங்கி எல்லாருக்கும் கொடுத்தார். என் தோளைத் தொட்டு, பார்த்தீங்களா, ஆறிடுச்சு என்றார்.

மைசூர்பாகு என் கையிலேயே இருந்தது. ஓர் ஊர் மொத்தமும் ஒரே நாளில் ஆறாது. எழுதுவதை நிறுத்தியிருக்கிறார்கள், அவ்வளவுதான். வாய்ப்பேச்சுக்கு மாறிவிட்டார்கள். வாய்ப்பேச்சுக்கு எங்களிடம் இயந்திரம் கிடையாது.

பைக்கை எடுத்துக்கொண்டு ஐம்பது கிலோமீட்டரையும் நிற்காமல் ஓட்டினேன். சிப்பிவிளை போய்ச் சேரும்போது மதியம் பன்னிரண்டு. அக்கா வீட்டு முற்றத்தில் இருபது பேர் நின்றார்கள். சாக்குப் பைகளில் நாட்டு வெடி, பக்கத்தில் பெட்ரோல் கேன். ஜெயசிங் என்னைப் பார்த்ததும் போனை நீட்டினான்.

“நேத்தே பாத்தேன் மச்சான். நல்லா எழுதியிருந்திய” என்றான்.

வாசித்தேன். ‘அத்தானை நெனச்சு ஒரு பொட்டுத் தூக்கம் இல்ல மச்சான். தப்பு நடந்து போச்சு. எல்லாரும் பொறுமையா இருங்க, நான் வந்துருதேன்.’ மெர்லினின் கை. அழகாகத்தான் பூசியிருந்தாள்.

நான் நின்ற இடத்திலேயே எல்லாவற்றையும் சொன்னேன். திரவியம் எழுதியது இது, நான் எழுதியது இது, அத்தானின் பதில் அவனுக்கு எப்படிப் போய்ச் சேர்ந்தது என்று ஒன்று விடாமல் சொன்னேன். ஜெயசிங் நல்ல கையால் என் கன்னத்தில் ஓங்கி அறைந்தான். கீழே விழுந்தவனை விலாவில் மிதித்தான். இரண்டு எலும்பு முறிந்தது என்று பின்னால் சொன்னார்கள். கொன்றாலும் சரி, போகாமல் இருந்தால் போதும் என்றிருந்தது எனக்கு. அவன் மூச்சு வாங்க நிறுத்தினான்.

“போகாத ஜெயசிங். அவன் துரோகம் பண்ணல. நான் பண்ணுனது” என்றேன்.

“எழுதுனது நீயாவே இருக்கட்டும். வெட்டுனது அவந்தான” என்றான்.

இருபது பேரும் என்னைத் தாண்டிப் போனார்கள். கால் மணி நேரத்தில், திரவியத்தின் வீடு இருந்த வடக்குத் தெருப் பக்கம் நான்கு வெடிச் சத்தம் கேட்டது. பிறகு புகை. திரவியத்தின் அப்பா கட்டிலோடு எரிந்து போனார். நடக்க முடியாதவர். அவரைத் தூக்கப் போன திரவியத்தின் தம்பியை வாசலிலேயே வைத்து வெட்டினார்கள். எங்கள் முற்றத்துக்கும் கரிப் பொடி பறந்து வந்தது.

அக்கா வாசல் திண்டில் உட்கார்ந்திருந்தாள். நான் சொன்னது அத்தனையும் அவள் கேட்டிருக்கிறாள். தவழ்ந்து போய் அவள் காலடியில் உட்கார்ந்தேன். அவள் வடக்குத் தெருப் புகையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“உன் அத்தானுக்கு நம்பிக்கை இல்லல” என்றாள் ஒருவழியாக. “திரவியமாவது சமாதானத்துக்கு வாரதாவதுன்னு சொன்னாவ. நாந்தான் போனை வாங்கிப் படிச்சேன். படிச்சா நம்ம அப்பா பேசுத மாதிரியே இருந்துச்சு. இப்படி எழுதுதவன் மனசுல கள்ளம் இருக்காது, கதவத் தெறங்கன்னு சொன்னேன்.”

அவள் திட்டியிருக்கலாம், என் முகத்தில் துப்பியிருக்கலாம். ஒன்றும் செய்யவில்லை. மடியிலிருந்து தன் போனை எடுத்தாள். விரலால் தள்ளித் தள்ளி ரொம்பப் பழைய இடத்துக்குப் போனாள். அத்தான் அவளுக்கு அனுப்பியவை எல்லாம் அதில் இருந்தன. ஓர் இடத்தில் நிறுத்தி என் முகத்துக்கு நேரே பிடித்தாள்.

“போன ஆவணியில பெரிய சண்டை. நான் கோவிச்சுக்கிட்டு உன் வீட்டுக்குப் புறப்பட்டுட்டேன். பஸ்ஸ்டாண்டுல நிக்கும்போது இது வந்துச்சு. இதப் பாத்துட்டுத்தான் திரும்பி வந்தேன். இது அவிய எழுதுனதா, இல்ல இதும் உங்க ஆபீசுல எழுதுனதா?”

‘கோவத்துல பேசிட்டேன். மனசுல வச்சுக்காத தாயி. வீட்டுக்கு வந்துரு.’

கல்யாணம் ஆன இருபத்திரண்டு வருஷத்தில் அத்தான் அக்காவை ‘ஏளா’ என்றுதான் கூப்பிடுவார். ‘தாயி’ என்று அவர் வாயிலிருந்து ஒரு தடவைகூட நான் கேட்டதில்லை. இடப்பக்கம் என்ன இருந்தது என்று நினைவுபடுத்திப் பார்த்தேன். ஒரு நாளைக்கு இருநூறு வரும், எதுவும் நினைவில் நிற்காது. தெருவில் யாரோ அலறிக்கொண்டு ஓடினார்கள். அக்கா திரும்பிப் பார்க்கவில்லை. போனை இன்னும் கிட்டத்தில் நீட்டினாள்.

உண்மையைச் சொல்வதற்கென்றே ஐம்பது கிலோமீட்டர் ஓட்டிக்கொண்டு வந்தவன் நான்.

“அத்தான் எழுதுனதுதான்க்கா” என்றேன்.

அவள் சேலைத் தலைப்பால் திரையைத் துடைத்தாள். போனை மறுபடி மடியில் வைத்துக்கொண்டாள். அத்தான் செத்த எட்டு நாளில் அப்போதுதான் அவள் முதல் தடவையாக அழுதாள்.